முதுகுக்குப் பின்னால் ஒரு கை

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகம் இல்லை, முதுகு. சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த வளவின் முற்றத்தில், இரண்டு கைகளையும் பின்னால் வைத்து, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். அவருக்கு முன்னால் தரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் பசையும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் என்றால் குறையாவது சொல்வார். இவர் அதையும் சொல்ல மாட்டார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து வந்து திட்டுவார் என்று ஒரு பயம். தவிர, அவரும் எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. நாள் பூராவும் ஊர்ப் பெயர்களாகவே பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தாலும் வாய் அதை விடாது. நான் மேலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் நான் 'மேலூர்'. எதிர்வீட்டுக்காரி 'திருமங்கலம்'. "மேலூரு, குழாய்ல தண்ணி வந்திருச்சு. திருமங்கலத்துக்கும் ஒரு சத்தம் குடுங்க" என்பார். கல்யாணமாகி வந்த பிறகு என் ஊர்ப் பெயரை ஒரு நாளைக்கு நாலு தடவை என் காதில் போட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவர் செய்த எதையும் மன்னிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

வளவு என்றால் நடுவில் முற்றம், சுற்றி ஆறு வீடு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். எழுபதுகளின் பாதியில் நாங்கள் அங்கே குடி வந்தோம். என் வீட்டுக்காரர் இரும்புக் கடையில் கணக்குப் பிள்ளை. அக்காவின் கணவர் ரயில்வேயில் கார்டு, பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார். ஒரே பையன் திருச்சியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். அக்கா காலை ஆறு மணிக்கு டூட்டிக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவார். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடுவார். நாலு மணிக்கு அவர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் வளவுப் பிள்ளைகள் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சாமியே வந்து கூப்பிட்டாலும் நகராது.

என்ன செய்வார்கள் என்றால், அந்தந்த மாதத்துக்கு என்ன வருகிறதோ அது. தை பிறக்கும் முன்னால் பழைய காலண்டர் தாளும் கல்யாணப் பத்திரிகைகளும் கத்தரிக்கப்பட்டுப் பொங்கல் வாழ்த்து ஆகும். சித்திரையில் செருப்புக்கடை அட்டைப்பெட்டி சப்பரம் ஆகும், தீர்ந்துபோன நூல்கண்டுக் கட்டைகள் அதற்குச் சக்கரம். ஆடிக் காற்று அடித்தால் பனை ஓலையில் காற்றாடி. ஆவணியில் களிமண் பிள்ளையார், ஈர்க்குச்சியும் கலர்த்தாளும் வைத்து அவருக்கு ஒரு குடை. நவராத்திரிக்குத் தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு வெந்தயம் விதைத்து, முளைத்ததும் கொலுப்படிக்குக் கீழே அதுதான் பூங்கா. மார்கழியில் கடைசி வீட்டு டீச்சரம்மா வேதக்காரர் என்பதால் கிறிஸ்துமஸுக்கு அவர் வாசலில் கட்ட மூங்கில் சிம்பில் ஒரு நட்சத்திரம். கடையில் வாங்கியது என்று ஒரு கோந்துப் புட்டிகூட இருக்காது. மைதா மாவைக் காய்ச்சினால் பசை, அதில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது. விஷம் என்பதால் அந்தத் துத்தத்தை மட்டும் அவரே போடுவார்.

மற்ற எதிலும் கை வைக்க மாட்டார். இதுதான் அவர். குழந்தை செய்கிற பொருளை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கோணலாக ஒட்டினால் கோணல்தான். பிள்ளையாருக்கு ஒரு காது பெரிதாக வந்தால் பெரிய காதுதான். "அத்தை, இது சரியா?" என்று பிள்ளை கேட்டால் கையைப் பின்னால் வைத்தபடியே குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். அது பாராட்டா, கண்டிப்பா, கேள்வியா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. "அப்புறம்?" என்றதும் திரும்ப உட்கார்ந்து எதையோ பிரிக்கும், எதையோ ஒட்டும்.

ஒரு சித்திரையில் திருமங்கலத்தின் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து சப்பரம் கட்டினார்கள். உள்ளே காலண்டரில் வெட்டிய மீனாட்சி. நாலு பக்கமும் வேப்பிலை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால் தெருமுனையில் ஒரு சக்கரம் கழன்று ஓடி சாக்கடையில் விழுந்துவிட்டது. பெண்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். திருமங்கலத்தின் வீட்டுக்காரர் சுத்தியலும் ஆணியுமாக ஓடி வந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, செத்த லைன்ல இருங்க."

"சக்கரம் போச்சும்மா. பிள்ளைக அழுகுதுக."

"அழட்டும். இன்னும் யோசிச்சு முடிக்கல."

அவர் சுத்தியலோடு நடுத்தெருவில் நின்றார். பின்னால் ஒரு மாட்டு வண்டியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் பெரியவள் மூக்கைத் துடைத்துவிட்டு மிச்சம் இருந்த மூன்று சக்கரத்தையும் பிடுங்கிப் போட்டாள். இரண்டு விளக்குமாற்றுக் கட்டையைக் கொண்டுவந்து அடியில் கொடுத்து, அக்காளும் தங்கச்சியுமாகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "சாமி இனிமே பல்லக்குலதான் போகும்" என்றாள் சின்னவள். அக்கா அப்போதும் கையைத் தட்டவில்லை. பின்னால் பிடித்திருந்த கையை விடாமல் அந்தப் பல்லக்குக்குப் பின்னாலேயே நடந்து போனார். அந்த நடையில் இருந்த பெருமையை நான் தேரோட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நான் எதையும் நறுவிசாகச் செய்கிறவள். என் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளி நிற்காது. என் மகள் வசந்தி நாலு வயதில் செய்த முதல் பொங்கல் வாழ்த்து பார்க்கச் சகிக்காமல் இருந்தது. கரும்பு தலைகீழாக நின்றது. அவள் தூங்கின நேரத்தில் பிரித்து எடுத்து, ஓரம் வெட்டி, கரும்பை நிமிர்த்தி ஒட்டி வைத்தேன். மறுநாள் முற்றத்தில் எல்லா வாழ்த்தையும் வரிசையாக வைத்தபோது அக்கா இதற்கு முன்னால் வந்து நின்றார்.

"இது யாரு செஞ்சது?"

"வசந்திதாங்க்கா" என்றேன்.

அக்கா வசந்தியைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தன்னுடையது எது என்றே தெரியவில்லை, வரிசையில் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகளா, மேலூருக்கும் ஒரு தாள் குடுங்க. பாவம், அவுகளுக்கும் ஆசையா இருக்கு" என்றார் அக்கா.

பிள்ளைகள் நிஜமாகவே எனக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டின. மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் எதுவுமே நடக்காத மாதிரி கிண்ணத்தோடு வந்து, "மேலூரு, உறைமோர் இருக்கா?" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். கோபத்தை அவரிடம் வைத்துக்கொள்ள முடியாது. அவர் அதைக் கவனித்தால்தானே வைத்துக்கொள்வதற்கு.

எல்லாமே சிரிப்பாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு மார்கழியில் டீச்சரம்மாவின் மகள் நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு முனையைக் கட்டினால் மறு முனை அவிழும். ஒன்றரை மணி நேரம். கடைசியில் அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. ஒரு பெரிய மனுஷி ஒரு முடிச்சைப் போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? "கல்லு மனசுடி இவுகளுக்கு" என்று திருமங்கலம் என் காதில் சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நான் அக்காவின் முதுகுப் பக்கம் நின்றிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய வலது கை விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார். பிள்ளை அழுதால் இவருக்கும் வலிக்கத்தான் செய்கிறது என்று புரிந்துகொண்டேன். அது பாதிதான் சரி என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அக்கறை இல்லாத ஆளும் இல்லை. கார்த்திகைக்கு மாவளி செய்வார்கள். கரித்தூளும் உப்பும் கலந்து துணியில் இறுகச் சுருட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பூவாகப் பொரி கொட்டும். அன்றைக்கு மட்டும் அக்காவின் கை முன்னால் இருக்கும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு, பாவாடைகளை எல்லாம் முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகச் சொல்லி ஒரு அதட்டல். "தீயும் கத்தியும் எங்கிட்ட. மிச்சமெல்லாம் உங்ககிட்ட." இதுதான் அவருடைய சட்டம்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வசந்திக்கு இடது கைப் பழக்கம். சாப்பாட்டை மட்டும் கிள்ளிக் கிள்ளியே வலது கைக்கு மாற்றிவிட்டேன். கத்தரிக்கோலும் பலப்பமும் தானாகவே இடது கைக்குப் போகும். ஒன்றாம் வகுப்பில் சேர்த்து இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "கையை வீட்டில் பழக்குங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். என் நறுவிசுக்கு அது போதாதா? தலைக்குக் கட்டும் ரிப்பனை எடுத்து அவளுடைய இடது மணிக்கட்டைப் பாவாடை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டினால் சாப்பிடும்போதுதான் அவிழ்ப்பேன்.

"பாவம்டி, விடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயி நொட்டாங்கையால சோறு போட்டா, உங்களையா கேப்பாக? வளர்த்தவளைத்தான கேப்பாக."

ஒரு மாதம் போயிருக்கும். வசந்தியின் பேச்சு திக்க ஆரம்பித்தது. "அம்மா" என்று கூப்பிடுவாள். அடுத்த வார்த்தை வராது. தொண்டை மட்டும் ஏறி இறங்கும். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்து அதற்கும் ஒரு அடி வைத்தேன். பிறகு பயந்துபோய்ப் பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் வாங்கிக் கொடுத்தேன். நாக்குக்கு வசம்பு தடவினேன். வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு மூன்று நாள் முன்பு முற்றத்துக்குக் களிமண் வந்தது. பிள்ளைகள் எல்லாம் உருட்ட ஆரம்பித்தன. ஒரு மாதமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த வசந்தியும் அன்றைக்குப் போய் உட்கார்ந்தாள், ரிப்பனோடு. ஒற்றைக் கையால் மண்ணை உருட்டினால் அது பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமே. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"மேலூரு, செத்த வாங்க."

"அடுப்புல வேல கெடக்குக்கா."

"அடுப்பு எங்கயும் போயிராது. வாங்க."

போனேன். பலகையில் இருந்த ஒரு உருண்டை மண்ணை முகவாயால் காட்டினார்.

"உக்காருங்க. சோத்தாங்கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கங்க. நொட்டாங்கையால ஒரு பிள்ளையார் பண்ணுங்க, பாப்போம்."

"சாமி காரியங்க்கா. அந்தக் கையால தொடலாமா?"

"பிள்ளையார் கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

பிள்ளைகள் சிரித்தன. எனக்கு ரோஷம். இது என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். வயிறு ஒருவழியாக வந்தது. தலையை வைத்தால் நழுவியது. தும்பிக்கையை உருட்டி ஒட்டினேன், விழுந்தது. திரும்ப ஒட்டினேன், விழுந்தது. என்னை அறியாமலே வலது கை முன்னால் வந்தது. "அத்தை, கை, கை!" என்று எல்லாம் சேர்ந்து கத்தின. பின்னால் வைத்தேன். நாலாவது தடவையும் விழுந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. அக்காவைப் பார்த்துச் சுருக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டையில் நின்றது.

அப்போதுதான் வசந்தியைப் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளில் அவள் ஒருத்தி சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். கட்டாமல் விட்டிருந்த அவளுடைய வலது கையால் என் பிள்ளையாரின் தலை நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

"இ... இப்ப ஒட்டும்மா" என்றாள்.

நான் அழுதேன். வளவே பார்க்க, நடு முற்றத்தில், களிமண் கையோடு உட்கார்ந்து அழுதேன். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக இதே மாதிரி ஒவ்வொரு சாயந்திரமும் அவள் உட்கார்ந்திருந்தாள், பிடித்துக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை.

"நீங்களே அவுத்து விடுங்கக்கா" என்றேன்.

"நான் அவுக்க மாட்டேன். அது நீங்க போட்ட முடிச்சு."

என்ன மனுஷி இவர் என்று நிமிர்ந்து பார்த்தேன். கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

நான்தான் அவிழ்த்தேன். களிமண் கையில் ரிப்பன் வழுக்கியது. பாவாடையெல்லாம் மண்ணானது. அவிழ்க்க அத்தனை நேரம் ஆகும்படி இறுக்கிக் கட்டியிருக்கிறேன் என்பது அவிழ்க்கும்போதுதான் தெரிந்தது. பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது.

வசந்தி இரண்டு கைகளாலும் மண்ணை எடுத்தாள். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையார் எழுந்து உட்கார்ந்தார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. பொழுது சாயும் நேரம், வளவின் முதல் வீட்டுக் குருக்கள் கோயிலுக்குக் கிளம்பியவர், பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையார்களைப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது யார் பண்ணினது? வலம்புரின்னா இது."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். மற்ற பிள்ளையார்களுக்கு எல்லாம் தும்பிக்கை அவரவர் இடது பக்கம் வளைந்திருந்தது. இவருக்கு மட்டும் வலது பக்கம். கை மாறினதும் வளைவும் மாறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருமங்கலம் ஓடிப்போய் விளக்கைக் கொண்டுவந்தாள். எனக்கோ சாமியே நேரில் வந்து, "உன் மகள் கையில் ஒரு தப்பும் இல்லை" என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அக்கா மட்டும் ஆடவில்லை. "எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது அவ பிள்ளையார்தான்" என்று சொல்லிவிட்டுப் பலகையைக் கழுவச் சொன்னார்.

முடிச்சை வீட்டில் மட்டும் அவிழ்த்தால் போதாதே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். எந்தக் கையில் எழுதினாலும் 'அ' 'அ'தான், இனிமேல் என் பிள்ளையின் கையில் யாரும் ஸ்கேலால் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. பேச்சு ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. கார்த்திகையில் கொஞ்சம் குறைந்தது. பொங்கல் வந்தபோது திருமங்கலத்தின் மகளோடு ஒரு மூச்சில் சண்டை போட்டாள். நான் அடுப்படியில் நின்று அந்தச் சண்டையை முழுவதும் கேட்டேன். விலக்கப் போகவில்லை.

நான் அதோடு திருந்திவிட்டேன் என்று நினைத்தால் என்னைத் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த வருஷச் சதுர்த்திக்குத் தெரு பூராவும் சொல்லி வைத்துவிட்டேன், எங்கள் வீட்டில் வலம்புரி கிடைக்கும் என்று. பதினோரு வீட்டுக்கு. வசந்தியை உட்கார வைத்தேன். ஆறு பிள்ளையாரை ஒழுங்காகச் செய்தாள். ஏழாவதுக்குத் தும்பிக்கையை எந்தப் பக்கமும் வளைக்காமல் நேராகத் தொங்கவிட்டாள்.

"இதென்னடி?"

"இந்தப் பிள்ளையாருக்கு நேராத்தான் வேணுமாம்."

அக்காவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. மிச்சம் ஐந்து வீட்டுக்கும் நான் போய்ப் பிள்ளையாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்சில் மெஷின்கள் வந்தன. ஜனங்கள் தாங்களே நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேசலாம் என்றார்கள். டிரங்க் போர்டில் ஆட்களைக் குறைத்தார்கள். அக்காவைத் திருச்சியில் ஒரு ஆபீஸ் மேஜை வேலைக்கு மாற்றினார்கள். பையனும் அங்கேதான் வேலையில் சேர்ந்திருந்தான், அதனால் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் எல்லாம் எங்களுக்குத்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட உதவப் போனேன். கட்டி முடித்ததும் காலி வீட்டின் நடுவில் வழக்கம்போல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"ஏங்க்கா, இம்புட்டு வருசமாப் பாக்குறேன். எப்பவும் கையைப் பின்னால கட்டிக்கிட்டே நிக்கிறீகளே, ஏன்?"

"கட்டலியே. பிடிச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"விட்டா அது பாட்டுக்கு முன்னால போயிரும்."

அதுவும் எனக்கு விளங்கவில்லை. அக்கா சிரித்தார்.

"எங்கம்மா என்னைய ஜன்னல் கம்பியில கட்டிப் போடுவாக, இந்தக் கையை. மூணாங்கிளாஸ் வரைக்கும். அப்புறம் கட்டத் தேவையில்லாமப் போச்சு. நானே பிடிச்சுக்கிட்டேன்." இடது மணிக்கட்டைப் பார்க்காமலே தடவிக்கொண்டார். "எக்ஸ்சேஞ்சுல மட்டும் அதுக்கு வேல உண்டு மேலூரு. சோத்தாங்கையில யாரு யாருக்குப் பேசுறாகன்னு டிக்கெட்ல எழுதணும், நொட்டாங்கையில வயரைச் சொருகணும். போர்டுல அம்புட்டுப் பேர்லயும் நாந்தான் வேகம். அங்க யாரும் எந்தக் கைன்னு பாக்குறதில்ல."

அந்த வேலைதான் இப்போது போகிறது என்பது எனக்கு அப்போது உறைத்தது. அந்தக் கைக்கு வெளிச்சத்தில் இருந்த ஒரே இடம் அது. டீச்சரம்மா மகளின் நட்சத்திரத்துக்கு முன்னால் அந்த விரல்கள் ஏன் அப்படி வெளுத்துப் போயிருந்தன என்பதும் உறைத்தது. உதவப் போனால் எந்தக் கை முதலில் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, ஒரு பிள்ளையின் கைக்கு மேல் பெரியவர்கள் கை வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"அன்னைக்கே இதைச் சொல்லி, பிள்ளையக் கட்டாதன்னு என்னையத் திட்டியிருக்கலாமேக்கா."

"சொன்னாக் கேட்டிருப்பீகளா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன்."

"அப்புறம்?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். நான் அழவும் செய்தேன்.

மறுநாள் காலை வளவு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். அக்கா ஏறி உட்கார்ந்ததும் வசந்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். இரண்டு நாளாக யாருக்கும் காட்டாமல் செய்துகொண்டிருந்த வாழ்த்து கையில் இருந்தது. தை பிறக்க இன்னும் நாலு மாதம் இருந்தது, ஆனாலும் அது பொங்கல் வாழ்த்துத்தான். முன்கூட்டியே கொடுக்கிறாளாம். பானை, சூரியன், பக்கத்தில் ஒரு கரும்பு. கரும்பைத் தலைகீழாகத்தான் ஒட்டியிருந்தாள். அதை இடது கையால் நீட்டினாள்.

நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்களிடம் நொட்டாங்கையால் நீட்டலாமா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வருஷம் எத்தனை ஆனால் என்ன, பழக்கம் போகவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

அக்கா அந்த வாழ்த்தைப் பார்த்தார். மடியில் வலது கை பிடித்துக்கொண்டிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. இடது கை வெளியே வந்தது. அந்தக் கையால் வாங்கினார். வாங்கி, அந்தக் கையாலேயே வசந்தியின் கன்னத்தைத் தொட்டார். ஏழு வருஷத்தில் அவர் அவளை அந்தக் கையால் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"வாரேன் மேலூரு" என்றார்.

ரிக்‌ஷா நகர்ந்தது. சிம்மக்கல் முனை திரும்பும்வரைக்கும் அந்த இடது கை வாழ்த்தோடு வெளியே நீண்டு ஆடிக்கொண்டே இருந்தது. வலது கை அதைப் பிடிக்க வரவில்லை.